நெற்றிச் சுருக்கத்துக்கு ஊசி போடப் போய் இமை இறங்கிய கதை

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வருடத்துக்கு மேல் யோசித்துவிட்டேன். வெட்கம்தான், வேறென்ன. 44 வயதில், பள்ளிக்கூடம் போகிற மகளை வைத்துக்கொண்டு, சனிக்கிழமை கோயில் வகுப்பில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கிறவள், முகச் சுருக்கம் போக போடாக்ஸ் வகை ஊசி போட்டுக்கொண்டு ஒரு கண்ணைத் திறக்க முடியாமல் நின்றேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? போகும்போது அம்மாவிடம் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. ரகசியமாகப் போனதால்தான் யாரிடமும் எதையும் விசாரிக்காமல் போனேன். எனக்கு முன்னால் இதே மாதிரி அடிபட்டவர்கள் நான் இருக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலேயே இருந்திருப்பார்கள், அவர்களும் என்னைப் போலவே வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார்கள்.

சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி 2009இல் இங்கே வந்தேன். வீட்டுக்காரர் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்து வளர்ந்தவர், தமிழில் சொன்னால் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். நான் ஒரு துணி இறக்குமதிக் கடையில் கணக்கு பார்க்கிறேன். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கிச் சுருக்கி, நடுவில் இரண்டு கோடு நிரந்தரமாக விழுந்துவிட்டது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் கடையில் யாராவது "யார் மேல கோபம்?" என்று கேட்பார்கள். அதையெல்லாம் சிரித்துச் சமாளித்தேன். ஒருநாள் மகள் பள்ளியில் குடும்பப் படம் வரைந்து கொண்டுவந்தாள். அப்பா, ஆயா, நாய் எல்லாருக்கும் சிரிப்பு. எனக்கு மட்டும் புருவத்துக்கு நடுவில் 11 என்று எழுதின மாதிரி இரண்டு கோடு. அன்றைக்கு ராத்திரிதான் போனில் தேட ஆரம்பித்தேன்.

அது 2023 நவம்பர். நாத்தனார் மகளுக்கு டிசம்பர் 3ஆம் தேதி கல்யாணம், மார்கழி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வைத்த தேதி. எனக்குத் தோதாக ஒரு மாலில் இருந்த அழகு நிலையம் பிளாக் ஃப்ரைடே சலுகை போட்டிருந்தது. நெற்றி, புருவ நடு, கண் ஓரம், மூன்று இடத்துக்கும் சேர்த்து 2,400 ரேண்ட். நவம்பர் 24, வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனேன். முன்னால் நகம், முடி எல்லாம் செய்கிறார்கள், பின்னால் திரை போட்ட சின்ன அறை. சுவரில் ஒரு டாக்டர் பெயர் மாட்டியிருந்தது, டாக்டர் இல்லை. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண் வந்தாள், நன்றாகத்தான் பேசினாள். அவள் நர்ஸா, டாக்டரா, வேறு யாராவதா, அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டேப்லெட்டில் ஒரு படிவம் வந்தது, படிக்காமல் விரலால் கையெழுத்துப் போட்டேன். அவள் உள்ளே வரும்போதே ஊசியில் மருந்து ஏற்றித்தான் கொண்டுவந்தாள். எந்தக் குப்பி, எப்போது கலக்கியது, எதையும் நான் பார்க்கவில்லை. பதினைந்து குத்து இருக்கும், எறும்பு கடித்த மாதிரி. எல்லாம் முடிந்து வெளியே வரும்போது பார்க்கிங் சீட்டில் அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. சாமர்த்தியமாக முடித்துவிட்டோம் என்று அப்போது எனக்குப் பெருமை வேறு.

வீட்டுக்குப் போனதும் நெற்றி கனத்தது, தலைவலி மாதிரி. ஊரிலிருந்து கொண்டுவந்த கோடாலித் தைலத்தை எடுத்து நெற்றியிலும் புருவத்திலும் நன்றாக அழுத்தித் தேய்த்துவிட்டு, ஒரு மணி நேரம் குப்புறப் படுத்துத் தூங்கினேன். இதைச் செய்யாதே என்று யாரும் சொல்லவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஊசி போட்ட இடத்தை அன்றைக்குத் தேய்க்கவே கூடாது, நாலு மணி நேரமாவது படுக்காமல் நிமிர்ந்து இருக்கச் சொல்வார்கள், அன்று ஓட்டம், ஜிம் எல்லாம் வேண்டாம் என்பார்கள். படுப்பதால் மருந்து நகரும் என்பதற்கு ஆதாரம் குறைவுதான் என்று பின்னால் கண் டாக்டர் சொன்னார், தேய்ப்பதைத்தான் அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கார்த்திகை தீபம். அகல் விளக்கை வரிசையாக ஏற்றிவிட்டுக் கண்ணாடி பார்த்தேன், கோடு அப்படியே இருந்தது. 2,400 ரேண்ட் போச்சே என்று அன்றைக்கு நான் பட்ட வருத்தத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இந்த மருந்து உடனே வேலை செய்யாது. சரியாகச் சூடாக்காமல் அடைத்த டின் உணவில் வளர்ந்து ஆளையே கொல்லக்கூடிய ஒரு பாக்டீரியா இருக்கிறதே, அது சுரக்கும் போட்டுலினம் நஞ்சுதான் இது. மிக மிகச் சிறிய அளவில் சுத்தப்படுத்தி ஊசியில் தருகிறார்கள். போடாக்ஸ் என்பது அதில் ஒரு பிராண்டின் பெயர். நரம்பு தசையைச் சுருங்கச் சொல்ல அசிடைல்கோலின் என்ற ஒரு பொருளை விடுகிறது. அந்தப் பொருள் வெளியே வராதபடி நரம்பு முனைக்கு உள்ளே போய்ப் பூட்டுப் போட்டுவிடுகிறது இந்த மருந்து. தசைக்குத் தகவல் போகாது, அதனால் சுருங்காது, மேலே இருக்கும் தோலும் மடியாது. அவ்வளவுதான். தோலை நிரப்புவதும் இல்லை, இழுப்பதும் இல்லை. ஆகவே முகத்தை அசைக்கும்போது விழுகிற கோட்டுக்குத்தான் இது நன்றாகப் பலிக்கும், அசையாமல் இருக்கும்போதும் ஆழமாகத் தெரிகிற கோடு குறையுமே தவிர முழுதாகப் போகாது. பலன் தெரிய மூன்று, நாலு நாள் ஆகும், முழுதாகத் தெரிய இரண்டு வாரம். பிறகு மூன்று, நாலு மாதத்தில் நரம்பு முனை தன்னைச் சரிசெய்துகொள்ளும், கோடு திரும்ப வரும். போட்ட மருந்தை எடுக்க முடியாது, முறிக்க மாற்று மருந்தும் கிடையாது. தப்பாகப் போய்விட்டால் காத்திருக்க வேண்டியதுதான். இந்த ஒரு விஷயம் முன்னாலேயே மண்டையில் ஏறியிருந்தால் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது ஒட்டுப் பொட்டு வைத்தேன். கண்ணாடியில் முகத்தைச் சுளித்துப் பார்த்தேன், பொட்டு அசையவில்லை. புருவம் இரண்டும் அதன் பக்கம் வர முயற்சி பண்ணி அப்படியே நின்றுவிட்டன. சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. புதன்கிழமை காலையில் வலது கண்ணில் தூக்கம் தெளியாத மாதிரி இருந்தது. தண்ணீர் அடித்துக் கழுவினேன். பத்து மணிக்குக் கடைக் குளியலறையில் பார்த்தால் வலது இமை கருவிழியின் மேல் பாதி வரை இறங்கியிருந்தது. தூக்கிப் பார்த்தேன், தூங்குகிற குழந்தையின் இமை மாதிரி விரலை எடுத்ததும் மறுபடி விழுந்தது. புருவத்தை உயர்த்திக் கண்ணைத் திறக்கலாம் என்று பார்த்தால் புருவமும் வரவில்லை. எனக்கு முதலில் வந்த நினைப்பு பக்கவாதம். என் அப்பாவுக்கு வந்திருக்கிறது. அந்தக் குளியலறையில் நின்று இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தேன், பல்லைக் காட்டிச் சிரித்துப் பார்த்தேன், "இன்னிக்குப் புதன்கிழமை" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். நெற்றி அசையாத முகத்தோடு கண்ணாடியில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதை யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ.

அழகு நிலையத்துக்குப் போன் செய்தேன். முதலில் போட்டோ அனுப்பச் சொன்னார்கள். பிறகு "டேக் இட் ஈஸி ஆன்ட்டி, தானா சரியாயிடும்" என்றாள் வரவேற்பில் இருந்த பெண். டாக்டரிடம் பேச வேண்டும் என்றேன், அவர் ஜோகன்னஸ்பர்க் போயிருக்கிறாராம். அடுத்த நாள் கூப்பிட்டபோது, மற்ற கண்ணுக்கு மேலேயும் கொஞ்சம் போட்டால் சமமாகிவிடும், பாதி விலைக்குப் போட்டுத் தருகிறோம் என்றார்கள். நல்ல வேளையாகப் போகவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு நான் கையெழுத்துப் போட்ட படிவத்தை அனுப்பினார்கள், அதில் ஒன்பதாவது வரியில் இமை இறங்கலாம் என்று எழுதியிருந்தது.

எங்கள் பக்கத்துக் குடும்ப டாக்டர் வயதானவர், 550 ரேண்ட். கண்மணி இரண்டும் ஒரே அளவா என்று டார்ச் அடித்துப் பார்த்தார், கையைத் தள்ளச் சொன்னார், முழுங்கச் சொன்னார். பிறகு, "எப்ப போட்டேம்மா?" என்று கேட்டார். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பிறகு வரிசையாகக் கேட்டார்: எந்த மருந்து, எத்தனை யூனிட், யார் போட்டது, குப்பியின் பேட்ச் எண் என்ன. ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு கிலோ மட்டன் வாங்கினால் எந்த ஆடு என்று கேட்கிற குடும்பத்தில் பிறந்தவள் நான். முகத்தில் ஏற்றிய நஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டு வைத்திருக்கவில்லை. ஒன்று மட்டும் அவர் அழுத்திச் சொன்னார்: முழுங்க, பேச, மூச்சுவிடக் கஷ்டமாக இருந்தால், ஊசி போட்டுச் சில வாரம் ஆகியிருந்தாலும் சரி, நேராக அவசரப் பிரிவுக்குப் போ, எனக்குப் போன் செய்துகொண்டு நிற்காதே.

வெள்ளிக்கிழமை கண் டாக்டர், 1,450 ரேண்ட். அவர்தான் பொறுமையாகப் படம் போட்டு விளக்கினார். இமையைத் தூக்குகிற தசை கண்குழியின் ஆழத்தில் தொடங்கி, புருவ எலும்புக்குக் கொஞ்சம் கீழே வழியாக இமைக்கு வருகிறது. புருவத்துக்கு ரொம்பப் பக்கத்தில் ஊசி இறங்கினாலோ, மருந்து கசிந்து கீழே போனாலோ அந்தத் தசையும் தூங்கிவிடும். இதற்குப் பெரும்பாலும் சில வாரம்தான் ஆயுள், அப்புறம் இமை தானாகத் தூக்கிக்கொள்ளும். அப்ராக்ளோனிடின் என்று ஒரு சொட்டு மருந்து எழுதித் தந்தார், கண்ணழுத்தத்துக்கு உள்ளது. அது இமைக்குள் இருக்கும் இன்னொரு சின்னத் தசையை முடுக்கிவிட்டு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கும், சில மணி நேரத்துக்கு. இரண்டு மருந்துக் கடையில் இல்லை, மூன்றாவதில் வரவழைத்துக் கொடுத்தார்கள், 480 ரேண்ட். அவரிடம் நான் அழுதுவிட்டேன். அதற்கு அவர், இந்த மருந்தே எங்கள் வீட்டுப் பிள்ளைதான் என்றார். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் டாக்டர் மாறுகண்ணுக்காக ஆராய்ந்து கண்டுபிடித்த சிகிச்சை, 1989இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கனடாவின் வான்கூவரில் ஜீன் கரூதர்ஸ் என்ற கண் டாக்டரம்மா கண் துடிப்புக்கு இதைப் போட்டபோது புருவ நடுவே கோடு மறைவதைக் கவனித்தார். அவரும் தோல் டாக்டரான கணவர் அலஸ்டேரும் 1992இல் அதைக் கட்டுரையாக எழுதினார்கள். அப்புறம்தான் அழகுத் தொழில் இதைத் தத்தெடுத்துக்கொண்டது.

என்னிடம் அவர் கண்டுபிடித்த இன்னொரு விஷயம் இமை இறங்கியதைவிட முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன். எனக்கு இயல்பிலேயே மேல் இமை கொஞ்சம் கனம், அம்மாவுக்கும் அப்படித்தான். அதைச் சமாளிக்க எனக்கே தெரியாமல் நான் நாள் முழுக்க நெற்றியைத் தூக்கித்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். புருவத்தை மேலே தூக்க நமக்கு இருப்பது நெற்றித் தசை ஒன்றுதான். அதைப் படுக்கவைத்துவிட்டால் புருவம் இரண்டும் இறங்கி உட்கார்ந்துவிடும். வீட்டிலேயே பார்க்கலாம்: கண்ணாடி முன்னால் கண்ணை மூடி, நெற்றியைத் தளர்த்தி, புருவத்தைத் தூக்காமல் மெதுவாகக் கண்ணைத் திறந்து பாருங்கள். இமை கனத்துத் தெரிந்தால், அல்லது புருவம் தானாக மேலே போனால், நெற்றிக்குப் போடுவதற்கு முன்னால் இதை டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். என் விஷயத்தில் முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

கண் டாக்டரிடமிருந்து வரும் வழியில் காரில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இந்த வாரம் முழுக்க நீ என் மேல ஏதோ கோபமா இருக்கேன்னு நினைச்சேன்" என்று இங்கிலீஷில் சொன்னார். கோபமாகத் தெரியக் கூடாது என்றுதானே காசு கொடுத்தேன். இருவரும் சிரித்தோம், எனக்குச் சிரிக்கும்போது கண் ஓரத்தில் ஒன்றும் அசையவில்லை. கல்யாணத்துக்குக் காலையில் சொட்டு விட்டுக்கொண்டு போனேன். தாலி கட்டும் வரை தாங்கியது. சாப்பாட்டுப் பந்தியில் மறுபடி இறங்க, மணப்பெண் தோழிகளிடம் கண்ணில் பூச்சி விழுந்துவிட்டது என்று சொன்னேன். போட்டோ எல்லாவற்றிலும் முகத்தின் இடது பக்கத்தைக் காட்டித்தான் நிற்கிறேன். மெடிக்கல் எய்டில், அதாவது மருத்துவக் காப்பீட்டில், கேட்டுப் பார்த்தேன், அழகு சிகிச்சையின் விளைவுக்குத் தர மாட்டோம் என்றார்கள். ஆக 2,400 ரேண்டில் முடிய வேண்டியது 4,880 ஆனது, சம்பளமில்லாத விடுப்பு இரண்டு நாள் தனி. இமை பொங்கல் சமயத்தில் சரியானது. நெற்றிக் கனம் போக பிப்ரவரி கடைசி ஆனது. மார்ச்சில் இரண்டு கோடும் பத்திரமாகத் திரும்பி வந்தன.

அதற்குப் பிறகு நிறையப் படித்தேன், கேட்டேன். போட நினைப்பவர்களுக்கு என் மனதில் முதலில் வருவது ஆள் யார் என்பது. இங்கே டாக்டர்கள் எச்.பி.சி.எஸ்.ஏ. என்ற மருத்துவத் துறையினர் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்க வேண்டும், பெயரை வைத்து அவர்கள் தளத்தில் காசில்லாமல் தேடலாம், நர்ஸ்களுக்கும் அவர்களுடைய கவுன்சில் பதிவேடு உண்டு. சுவரில் மாட்டியிருக்கும் பெயரைத் தேடிப் பிரயோஜனமில்லை, ஊசியைப் பிடிக்கப் போகிற கையின் பெயரைத் தேட வேண்டும். அடுத்தது குப்பி. உங்கள் கண் முன்னால் எடுக்கச் சொல்லுங்கள், பெட்டியில் உள்ள பெயர், காலாவதித் தேதி, பேட்ச் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போடாக்ஸ் தூளாக வரும், உப்பு நீரில் கலக்க வேண்டும், 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும், கலக்கிய பிறகு 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தச் சொல்லி லேபிளில் இருக்கும். நான் போனது லோட் ஷெடிங் என்ற மின்வெட்டுக் காலம், அந்த மாலில் ஜெனரேட்டர் இருந்ததா, அந்தச் சின்ன ஃப்ரிட்ஜுக்கு அது போனதா, எனக்குத் தெரியாது. விலையை "ஓர் இடத்துக்கு இவ்வளவு" என்று சொன்னால் யூனிட் கணக்கைக் கேளுங்கள். புருவ நடுவுக்குப் போடாக்ஸில் வழக்கமான அளவு 20 யூனிட், ஐந்து புள்ளியில். டிஸ்போர்ட் என்ற இன்னொரு மருந்தில் அதே வேலைக்கு 50 யூனிட். இரண்டின் யூனிட்டும் வேறு வேறு, ஆகவே 50 என்று கேட்டதும் நிறையத் தருகிறார்கள் என்று மகிழ வேண்டாம்.

கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுப்பவர்களும் தள்ளிப்போட வேண்டும். மயஸ்தீனியா கிராவிஸ் மாதிரி நரம்பு தசை நோய் உள்ளவர்கள், போடும் இடத்தில் புண் உள்ளவர்கள், சில வகை ஆன்டிபயாடிக் எடுப்பவர்கள் கட்டாயம் முன்னாலேயே சொல்ல வேண்டும். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை எடுத்தால் கன்றிப்போகலாம், எனக்கு இடது கண் ஓரத்தில் ஒரு வாரம் நீலம். ஆனால் இதயத்துக்காக எடுக்கிற மாத்திரையை இதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள். முக்கியமாக, விசேஷத்துக்கு ஒன்பது நாள் முன்னால் போடாதீர்கள். முதல் தடவை என்றால் இரண்டு மாதமாவது இடைவெளி இருக்கட்டும், கோணலானால் சரியாகவே ஒன்றரை மாதம் ஆகும்.

அதோடு விட்டுவிட்டாயா என்று கேட்பீர்கள். இல்லை. 2024 ஆகஸ்டில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். பார்க்க மட்டும் 900 ரேண்ட். முக்கால் மணி நேரம் பேசினார், முறைக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், வெள்ளைப் பென்சிலால் புள்ளி வைத்தார். நெற்றிக்கு வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். புருவ நடுவுக்கு மட்டும் 20 யூனிட், ஒரு யூனிட் 90 என்று 1,800 ரேண்ட். பெட்டியின் ஸ்டிக்கரை என் அட்டையில் ஒட்டிக் கொடுத்தார். ஒரு கோளாறும் வரவில்லை, மூன்றரை மாதம் இருந்தது, பொட்டு அசையாமல் இருந்தது. மறுபடி போடவில்லை, வருடத்துக்கு மூன்று தடவை அவ்வளவு பணம் என்றால் மகளின் பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஞாபகம் வருகிறது.

போன மாதம் நாத்தனார் வந்து, மெதுவான குரலில், "அண்ணி, உங்களுக்குத் தெரிஞ்ச இடம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். எதற்கு என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை, புருவத்தைத் தொட்டுக்கொண்டுதான் கேட்டாள். அவளுடைய மகள் கல்யாண ஆல்பத்தை எடுத்து, பூச்சி விழுந்த கதையைச் சொன்னேன். அவள் ஏற்கனவே ஒரு இடத்தில் நேரம் வாங்கியிருந்தாள். யார் போடுவது, எந்த மருந்து, எத்தனை யூனிட், பெட்டியைக் காட்டுங்கள் என்று நாலையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்பினேன். பெட்டியைக் கேட்டதற்கு "உள்ளே ஃப்ரிட்ஜில இருக்கு மேடம்" என்றார்களாம். எடுத்துக்கொண்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன் என்று இவள் உட்கார்ந்திருக்கிறாள். இருபது நிமிடம் யாரும் வரவில்லை. எழுந்து வந்துவிட்டாள், வரும் வழியில் எனக்கு அரை டஜன் சமோசா வாங்கிக்கொண்டு.